நாற்காலியின் பின்பக்கம்

குட்டையான, தொடை பருத்த உடம்பு எனக்கு. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எல்லோரும் "கட்டை" என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்துக் கம்பஸ் போனவன் நான். அங்கே விளையாடும்போதுகூட அரைக்காற்சட்டை போடக் கூச்சப்படுவேன்.

விடுமுறைக்கு டயகம தோட்டத்துக்கு வந்திருந்த ஒரு மழை நாளில், பக்கத்து வீட்டுச் செல்வி அக்காவுக்குப் பிரசவ வலி எடுத்தது. லயம் வரைக்கும் வேன் ஏறாது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, கீழே ரோட்டுக்குத் தூக்கிப்போனோம். முன்னால் அவருடைய கணவர் பிடித்தார், பின்னால் நெட்டையான ரவி அண்ணன். இறக்கத்தில் நாற்காலி முன்பக்கம் சரிந்ததும் அக்கா அலறினார்.

"ஐயோ, என்னயக் கொட்டிருவீங்க போல! ரவி, நீ வுடு. கட்டை, நீ வந்து புடி!"

"படிக்கிற புள்ள, தாங்குவானா?" என்றார் கணவர்.

"அவன் காலப் பாருங்க, ஒரலு மாதிரி. தாங்குவான்!"

அந்த வலியிலும் அக்கா சொன்னதைக் கேட்டுச் சிரித்துவிட்டோம். நான் பிடித்ததும் நாற்காலி சமமானது. பாதி வழியில் கணவர் சேற்றில் வழுக்கி விழுந்தார். நாற்காலி என்னையும் சேர்த்து இழுத்தது. குதிகாலை மண்ணில் ஊன்றி, இடுப்பைத் தாழ்த்தி நின்றேன். கால்கள் நகரவில்லை. அவர் எழுந்து மறுபடி பிடித்தார்.

ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. பார்க்கப் போனபோது அக்கா அதன் பிஞ்சுப் பாதங்களைத் தடவியபடி, "ஒன் காலு மாதிரி கெட்டியா வரட்டும்டா" என்றார்.

இப்போது கொழும்பில் இருக்கிறேன். மழை பெய்தால் அந்த இறக்கம் ஞாபகம் வரும். என் உடம்பை நம்பி ஒருவர் என்னை முதன்முதலாகக் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.