யாரும் உட்காராத முக்காலி

மீனைத் திருப்பிப் போடும்போது மட்டும்தான் அபோண்டி அரசியல் பேசுவாள். ஒரு பக்கம் வேகும்வரை மௌனம். கரண்டி எழுந்தால் எதிர்க்கட்சிக்காரன் மானம் எண்ணெயில் விழும். கிசுமு நகரின் கொண்டேலே சந்தையில் நாங்கள் எல்லோருமே கவர்னர் வேட்பாளர் ஒடுண்டோவின் ஆட்கள்; அவளோ அவருடைய கோட்டை. போன தேர்தலில் அவர் இவள் பொரித்த மீன் கடையின் முக்காலியில் அமர்ந்து ஒரு முழு ஜிலேபி மீனைத் தின்றுவிட்டுப் போனார். அன்றிலிருந்து அதில் மனிதப்பிறவி எதுவும் உட்காரக்கூடாது. மழை வந்தால் அவள் நனைவாள், முக்காலி நனையாது.

கருத்துக்கணிப்புக்காரர்களும் அவளை விட்டுவைக்கவில்லை. வேட்பாளர் விவாதத்துக்கு முன்பும் பின்பும் அதே ஆட்களை போனில் அழைத்து, மனம் மாறியதா என்று கேட்பார்கள். முதல் அழைப்பில், "ஒடுண்டோ! பெருசா எழுதிக்கம்மா" என்று கத்தினாள்.

விவாதத்தன்று கடையைச் சீக்கிரமே மூடிவிட்டு, முடிதிருத்தும் கடைத் தொலைக்காட்சி முன் முதல் ஆளாக அமர்ந்தாள். ஒடுண்டோ வரவில்லை. எதிர்த்து நிற்கும் அச்சோலா அம்மையார் தனியாக நின்று கேள்விகளை வாங்கிக்கொண்டார். பக்கத்துப் பேச்சுமேசை காலி. ஒடுண்டோவின் பெயர்ச்சீட்டு மட்டும் விளக்கொளியில் பளபளத்தது. "பயமில்லடா, தந்திரம்!" என்று நாங்கள் கைதட்டினோம். தலைவர் வராததற்கும் கைதட்டும் பயிற்சி எங்களுக்கு உண்டு. அபோண்டி தட்டவில்லை.

மறுநாள் மதியச் சாப்பாட்டுக் கூட்டத்துக்கு நடுவே போன் அடித்தது. கையெல்லாம் எண்ணெய் என்பதால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"விவாதம் பாத்தீங்களா? இப்ப யாருக்கு ஓட்டு?"

சந்தையே மெல்லுவதை நிறுத்தியது. வாடகை மோட்டார் சைக்கிள் ஓட்டும் ஒயூகி எழுந்தான். "அக்கா, பாத்துப் பேசு. வேற பேரு வந்துச்சுன்னா எங்க ஸ்டாண்டுல ஒருத்தன் இங்க சாப்பிட மாட்டான்." அவள் வியாபாரத்தில் பாதி அந்த ஸ்டாண்டுதான்.

"சாப்பிடாத போ. உன் பொண்டாட்டி இப்பிடிப் பொரிக்கிறாளான்னு பாப்போம்." போன் பக்கம் திரும்பினாள். "அச்சோலான்னு எழுதும்மா."

"ஏன் மாத்தினீங்க?"

"அந்தம்மா பேசினதுல பாதி எனக்குப் புரியல. ஆனா வந்துச்சு. கேட்டதுக்கு நின்னு பதில் சொல்லுச்சு. நான் கடைய மூடிட்டு வந்து உக்காரலாம், அவரால வர முடியாதாமா?"

"துரோகி! அவரு உன் கையால சாப்பிட்டவரு!" என்று ஒயூகி கத்தினான்.

"சாப்பிட்ட வாய்தானடா? பதில் சொன்னா வலிக்குமா?"

நைரோபியில் ஏதோ ஒரு கருத்துக்கணிப்பு வரைபடத்தில் ஒரு கோடு மயிரிழை சரிந்திருக்கும். கொண்டேலேயில் பாதிப்பேர் தட்டை வைத்துவிட்டு எழுந்தார்கள். நான் எழவில்லை, கொள்கை அல்ல, தட்டில் மீன் மிச்சமிருந்தது.

அபோண்டி கையைத் துடைத்தாள். முக்காலியைக் காலால் அடுப்பருகே இழுத்தாள். சுற்றுத்துணியை ஒதுக்கிக்கொண்டு அதன்மேல் நன்றாக அழுந்த உட்கார்ந்து, அடுத்த மீனைத் திருப்பிப் போட்டாள்.