இடத்து மாட்டின் நிதானம்

நான் வாழ்க்கைப்பட்ட எலப்புள்ளி அப்போது மதராஸ் ராஜ்யத்தில் இருந்தது. பிறந்த நல்லேப்பிள்ளி திருக்கொச்சி ராஜ்யத்தில். வண்டி கட்டினால் அரைப்பொழுதுகூட ஆகாத தூரம். ஆனால் இந்தப் பக்கம் மதுவிலக்கு, அந்தப் பக்கம் கள்ளு ஷாப்பு. என் புகுந்த ஊரார் எங்கள் ஊரில் அவ்வளவு ஆசையாகப் பெண் எடுத்தது ஏன் என்று கல்யாணம் ஆன பிறகுதான் எனக்கு விளங்கியது.

குடித்துவிட்டுத் திரும்பும்போது எல்லையில் போலீஸ்காரன் நிறுத்துவான். வாசனைக்குக் கொய்யா இலையை மென்று சமாளிக்கலாம், தள்ளாட்டத்தை எப்படிச் சமாளிப்பது? அதனால் கிளம்பும் முன் ஒவ்வொருவரும் தன்னைத் தானே சோதித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஒருவர் ஒற்றைக்காலில் நிற்பார். இன்னொருவர் பதினாறாம் வாய்ப்பாடு சொல்வார். அது சரியா என்று பார்ப்பவரும் குடித்தவராகவே இருப்பார். எல்லோரும் தேறிவிடுவார்கள். தேறாமல் போனவர் என்று ஒருவரை நான் கேள்விப்பட்டதே இல்லை.

என் வீட்டுக்காரருக்கு இந்தக் கூத்தெல்லாம் பிடிக்காது. அவருக்கு அவருடைய வண்டிதான் சாட்சி. கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு எல்லை தாண்டிச் சித்தூர்ப் பக்கம் போய்த் திரும்பும் நாளிலெல்லாம் வாசலில் இறங்கியதும் என்னிடம் கேட்பார்.

"ஏ புள்ள, வண்டி எங்கியாச்சும் வரப்புல ஏறுச்சா? வாய்க்கால்ல எறங்குச்சா? நேரா ஊட்டு வாசல்ல வந்து நிக்குதுல்ல? குடிச்சவன் ஓட்டுனா இப்புடி வருமா?"

வண்டியை ஓட்டி வந்தது இடத்து மாடு, நுகத்தில் இடப்பக்கம் நடப்பது. நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பிருந்தே அந்தத் தடத்தில் நடந்த மாடு. வாய்க்கால் திருப்பத்தில் தானாகத் திரும்பும். போலீஸ்காரன் நிற்கும் புளியமரத்தடியில் தானாக நிற்கும், அவன் கையசைத்தால் நகரும். வலத்து மாடு அதன் போக்குக்கு இழுபட்டு வரும். இவர் கயிற்றைக் காலடியில் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்.

"ஏனுங்க, மாடு குடிக்கறதில்லீங்களே" என்றேன் ஒரு நாள். அவருக்குக் கோபமே வரவில்லை. விழுந்து விழுந்து சிரித்தார். அதை நாலு பேரிடம் சொல்லியும் சிரித்தார். அங்கேதான் எனக்குத் தெம்பு விட்டுப்போனது. பொய் சொல்கிற ஆளாக இருந்தால் என்றைக்காவது பிடித்துவிடலாம். இவர் பொய் சொல்லவில்லை, தான் நிதானமாக இருக்கிறோம் என்று மனதார நம்பினார். நம்புகிறவரை என்ன செய்வது?

ஒரு மழைக்காலத்தில் கோமாரி வந்து இடத்து மாடு செத்தது. அவர் அழுதார். எனக்கும் வருத்தம்தான். ஆனால் கூடவே ஒரு நப்பாசை. இனிமேலாவது மனுஷன் தன்னைத் தெரிந்துகொள்வார் அல்லவா?

பொள்ளாச்சிச் சந்தையில் ஒரு இளங்காளை பிடித்து வந்தார். முதல் மாதமே வண்டி யாருடைய நாற்றங்காலிலோ இறங்கி நின்றது. இடுப்பு வரை சேற்றோடு வந்தார்.

"புது மாடு. வழி பழகோணும்" என்றார்.

அடுத்த தடவை பள்ளத்தில் இறங்கி அச்சு முறிந்தது. அதற்கும் அதே பதில்.

"அப்பொ இத்தன நாளும் பழைய மாட்டுக்கு வழி தெரிஞ்சதுனாலதானுங்க வந்து சேந்தீங்க?" என்று கேட்டேன்.

புத்தி மட்டான பிள்ளையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். "நான் ஓட்டாம அது எப்புடிப் புள்ள வரும்?"

அந்தத் தை மாதம் நல்லேப்பிள்ளியில் என் அண்ணன் மகனுக்குக் காதுகுத்து. எங்கள் மகளுக்கு அப்போது ஐந்து வயது. நாங்கள் மூவரும் போயிருந்தோம். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் இவரும் என் அண்ணனும் காணாமல் போய், வெயில் தாழ்ந்த பிறகு வந்தார்கள். இருந்துவிட்டுக் காலையில் போகலாம் என்று நான் சொன்னேன். சொந்தபந்தம் முழுக்க முற்றத்தில் நிற்கிறது. பொண்டாட்டி தன் வண்டியில் ஏறப் பயப்படுகிறாள் என்பது அவருக்குப் பெரிய அவமானமாகிவிட்டது. பிடிக்காத அந்தக் கூத்தை அன்றைக்குச் செய்தார். முற்றத்தின் நடுவில் ஒற்றைக்காலில் நின்றார். ஆடவில்லை, அசையவில்லை.

"பாரு, மாப்ள தெளிவாத்தான இருக்கறாரு? சும்மா ஏறு" என்றார் என் அண்ணன், அவரும் அதே கடையிலிருந்து வந்தவர்.

ஏறினோம். மகள் அப்பனோடுதான் உட்காருவேன் என்று முன்னால் போய்விட்டாள். அவளுக்கு அந்தப் புதுக்காளை மேல் கொள்ளை ஆசை, வழியெல்லாம் அதோடு பேசிக்கொண்டே வந்தாள். வாய்க்கால் திருப்பம் வந்தது. காளை திரும்பவில்லை, அதற்குத் திரும்ப வேண்டும் என்று தெரியாது.

"கவுத்தப் புடிங்க!" என்று கத்தினேன்.

"புடிச்சுத்தான இருக்கறேன்" என்றார்.

கயிறு அவர் காலடியில் கிடந்தது.

இடுப்பளவுத் தண்ணீர்தான். வண்டி குப்புற விழுந்தது. அவள் அதற்கு அடியில் இருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் தோள் கொடுத்துத் தூக்கினோம். அக்கம்பக்கத்து வயலில் இருந்தவர்கள் ஓடி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காரியம் முடிந்த கையோடு அந்தக் காளையை அடிமாட்டுக்கு விற்றார். கள்ளையும் விட்டார். அதன் பிறகு ஒரு சொட்டு தொடவில்லை. ஊரே மெச்சியது. நானும்தான் மெச்சினேன். வாய் திறந்து சொல்லாவிட்டாலும் மனதுக்குள் உணர்ந்துவிட்டார் என்று நினைத்தேன். அந்த நினைப்பை வைத்துக்கொண்டுதான் அவருக்குச் சோறு போட்டேன், துணி துவைத்தேன், பக்கத்தில் படுத்தேன்.

வருஷங்கள் போயின. ஒரு நாள் காலை, வாசலில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். தெருவில் ஐந்தாறு வயசுப் பெண் குழந்தை ஒன்று ஓடியது. அது மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்.

"அன்னிக்கு நான் நெதானமாத்தான் இருந்தேன், புள்ள. அந்தப் பாழாப்போன மாடுதான் கேக்கல."

அவர் குடியை விட்டது குழந்தை போன துக்கத்தில். குடியால்தான் போனாள் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. போதை எப்போதோ இறங்கிவிட்டது, அன்றைக்கு அது சொன்ன பொய் மட்டும் இறங்கவே இல்லை. கயிறு கீழே கிடந்ததை நான் பார்த்தேனே என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கயிற்றை எப்படி இறுக்கிப் பிடித்திருந்தேன் பார் என்று இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். கைகள் கொஞ்சமும் நடுங்கவில்லை.