கடைசியாக வருபவனுக்கு முதல் தண்ணீர்

செந்துறை பஸ் நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அரியலூரிலிருந்து வந்த பஸ்ஸின் கண்டக்டர் படியில் நின்றபடியே குரல் கொடுத்தார்: "தம்பி, ஒங்க மலையேறி மெக்கானிக் போயிட்டாருப்பா. நெஞ்சுவலியாம்." அரியலூர் லாரி மெக்கானிக் செல்வராசு, நம் எல்லோருக்கும் ராசண்ணன், நாற்பத்திரண்டு வயதில் இறந்துவிட்டார்.

மே மாதங்களில் அவரோடு பச்சைமலை ஏறியவர்களுக்கு நான் என்ன புதிதாகச் சொல்ல? மலையடி ஏரிக்கரையில் லாரித் தார்ப்பாயில் கூடாரம். விடிந்ததும் ஏற்றம். வழியில் கரும்பாறைகளைத் தட்டி, "இது அவிஞ்சுபோன எரிமலைடா" என்பார். அப்படியில்லை என்று கல்லூரி மாணவன் ஒருவன் விளக்கினான். "ஏறுறப்ப ஒனக்கு நெஞ்செரியுதுல்ல? அப்பறம் என்ன?" என்று அவன் வாயை அடைத்தார்.

அவருக்கு ஒரே சட்டம்: கடைசியாக மேலே வருபவனுக்கு முதல் தண்ணீர். "முன்னால வந்தவன் நெழல்ல குந்தியிருக்கான். அவனுக்கென்ன அவசரம்?"

நான் போன முதல் வருடம், யாரும் சொல்லாமலே அரிசி மூட்டை என் தோளுக்கு வந்திருந்தது. அது ராசண்ணன் கண்ணிலும் படவில்லை. அதனால் நான்தான் கடைசி. உச்சியில் ஊற்று வறண்டிருந்தது. அவருடைய பித்தளைக் கூஜாவும் ஒரே டம்ளரும்தான் கதி. நான் குடித்ததும் ஊர்த்தெரு ஆட்கள் இருவர் நகர்ந்துகொண்டார்கள். "காலனிக்காரன் வாய் வச்சதுலயா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். இறங்கிவிட எழுந்தேன்.

ராசண்ணனும் ஊர்த்தெருக்காரர்தான். கீழே மின்னிய ஏரியை அவர்களுக்குக் காட்டினார். "அதோ கெடக்கு. மூணு மணி நேரம் எறங்குனா வயிறு முட்டக் குடிக்கலாம்." என்னிடம், "நீ ஒக்காருடா" என்றார். டம்ளரைக் கழுவாமலே ஊற்றிக் குடித்தார். ஒருவன் அரை மணி நேரம் தாக்குப்பிடித்துவிட்டுக் கை நீட்டினான். மற்றவன் இறங்கிப் போனான். பிறகு வரவேயில்லை. அவன் திருந்தினான் என்று பொய் எழுத மாட்டேன்.

சாவு வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது நீங்கள் எல்லோரும் பந்தலில் இருந்தீர்கள். "நீ அங்கயே நில்லுப்பா" என்று பங்காளி ஒருவர் வெயிலைக் காட்டினார். உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தண்ணீர் மொள்ளத் தொடங்கினார்கள். உள்ளேயிருந்து அண்ணி எழுந்து வந்தார், கையில் அந்தக் கூஜாவோடு.

"இருங்க" என்று பந்தலைப் பார்த்துச் சொன்னார். பிறகு என்னிடம், "கடைசியா வந்தது நீங்கதானே தம்பி? மொதல்ல நீங்க குடிங்க" என்றார்.

அதே டம்ளர். பங்காளிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குடித்தேன்.

அண்ணி கொடுத்தனுப்பிய கூஜா இப்போது என்னிடம் இருக்கிறது. வரும் மே மாதமும் ஏறுகிறோம். அரிசி மூட்டையை இனி ஆள் மாற்றி ஆள் சுமப்போம். கூஜாவை நான் கொண்டுவருவேன். கடைசி ஆள் வந்து சேரும்வரை அதன் மூடி திறக்காது.