கோவளத்துக்குக் கொண்டுபோன மேகம்

காலை 9.40. மாடம்பாக்கத்திலிருந்து தாம்பரம் வந்து, வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கம் செல்லும் பேருந்தில் ஏறினேன். சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். மடியில் லேப்டாப்; அதற்குள் முந்தின நாள் வந்த ரேடியோ தொலைநோக்கித் தரவு.

சூரியனைவிடப் பல மடங்கு எடையுள்ள நட்சத்திரங்கள் எப்படித் தொடங்குகின்றன என்று தேடுவது எங்கள் வேலை. அவை குளிர்ந்த, கரிய வாயு மேகங்களுக்குள் உருவாகின்றன. முதல் கட்டம் சீக்கிரம் முடிந்துவிடும். நாம் பார்க்கும்போது உள்ளே நட்சத்திரம் உருவாகத் தொடங்கியிருக்கும். இன்னும் எதுவும் தொடங்காத கனத்த மேகம் ஒன்றைக் கண்டுபிடித்ததாக என் ஆய்வு மாணவி நஸ்ரீன் நம்பினாள். அவளுடைய முனைவர் பட்ட ஆய்வில் பாதி அதன்மேல் நின்றது. அதைப் பெரிய தொலைநோக்கியில் பார்க்க நேரம் கேட்கும் விண்ணப்பத்துக்கு அன்று மாலை ஐந்து மணி கெடு.

புதிய தரவு வேறு மாதிரி இருந்தது. நஸ்ரீனோ கால் எலும்பு முறிந்து, கோவளத்தில் பெற்றோர் வீட்டில் இருந்தாள். போனில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

11.15. கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய்.

“இன்னாக்கா, பொட்டிய இப்டி கட்டிப் புடிச்சுகினு வர்றீங்க? உள்ள இன்னா கீது?” என்றார் ஓட்டுநர்.

“ஒரு மேகத்தோட படம்.”

“மழ வருமா?”

“இது ரொம்ப தூரத்து மேகம்ணா.”

“அப்ப பேஜார் இல்ல” என்று வண்டியை முடுக்கினார்.

11.40. கோவளத்தில் மீன் ஏலம் முடிந்து தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நஸ்ரீனின் அப்பா, படகு இன்ஜின் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர், என்னை மாடிக்கு அழைத்துப் போனார். மாவுக்கட்டுப் போட்ட காலை நாற்காலியில் நீட்டியிருந்த நஸ்ரீன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மேகத்தின் நடுவிலிருந்து எதிரெதிர்த் திசைகளில் வாயு பீறிட்டிருந்தது. உள்ளே நட்சத்திரம் இல்லாமல் அது நடக்காது.

“பக்கத்து மேகத்தோடதா இருக்கலாமே அக்கா?”

இரண்டு மணி நேரம் சரிபார்த்தோம். இல்லை.

“சரி, உள்ள நட்சத்திரம் இருக்கு” என்றாள். “என் மூணாவது சாப்டர் போச்சு.”

நான் வெட்கப்பட வேண்டிய ஒன்றைச் சொன்னேன். “டேட்டா நேத்துதான் வந்துச்சு. பாக்கறதுக்கு முன்னாடியே அப்ளிகேஷன அனுப்பிட்டோம்னு வச்சுக்கலாமே?”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “பாத்துட்டோமேக்கா.”

விண்ணப்பத்தின் தலைப்பை அவளே அழித்தாள். ‘நட்சத்திரமற்ற’ என்று வந்த இடங்களையெல்லாம் நீக்கி, ‘மிக இளைய நட்சத்திரம்’ என்று திருத்தி எழுதினோம். அவசரத்தில் வாதம் பலவீனமாகத்தான் வந்தது. 4.52க்கு அனுப்பினோம். கீழேயிருந்து வந்த இறால் பிரியாணி அதற்குள் ஆறிப்போயிருந்தது. இருவரும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டோம்.

5.45. திரும்பும் பேருந்து. வண்டலூர்ச் சாலையில் அடுக்குமாடிகளின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. இந்தத் துறையில் அவளைவிடப் பன்னிரண்டு ஆண்டுகள் மூத்தவள் நான். அந்த மேகம் காலியாக இருக்க வேண்டுமென்று அவளைவிட அதிகம் விரும்பியதும் நான்தான் என்று அப்போது தெரிந்தது.

தாம்பரத்தில் இறங்கும்போது அவளிடமிருந்து செய்தி வந்தது:

“அக்கா, இன்னொரு மேகம் பாத்து வச்சிருக்கேன். ஆனா நம்பிடாதீங்க.”