மூலையைத் தின்ற லென்ஸ்

1. கறுப்பு முதலில் வந்தது

இருட்டறையில் டெவலப்பர் டிரேயில் போட்டோ பேப்பரை அமிழ்த்தி ஆட்டினால் முகங்கள் மெதுவாகத்தான் எழும். அன்று முதலில் எழுந்தது கறுப்பு. நான்கு மூலைகளும் வளைவாகக் கறுத்தன. அதற்குப் பிறகுதான் நடுவே மில் படிக்கட்டும், அதில் வரிசையாக நின்ற பெண்களும் வந்தார்கள். மேல் வரிசையின் இரண்டு கோடியிலும் ஆட்களைக் காணோம். ஒருத்திக்குச் சேலை இருந்தது. கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை.

“பாய்!” என்று ஸ்டூடியோ முதலாளியை நான் கத்தி அழைத்ததில், போஸ் ரூமில் பவுடர் போட்டுக்கொண்டிருந்த கல்யாணப் பெண் பயந்து எழுந்துவிட்டாள்.

2. எலுமிச்சம்பழ அளவு

தொண்ணூறுகளின் தொடக்கம். பி.எஸ்ஸி. பிசிக்ஸ் முடித்த கையோடு, தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி ராஜபாளையத்தில் சுலைமான் பாய் ஸ்டூடியோவுக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்தேன். ஊரே சின்ன ரோல் ஃபிலிம் கேமராவுக்கு மாறியிருந்தாலும், குரூப் போட்டோ என்றால் பாய் மரத்தாலான ஹாஃப் பிளேட் கேமராவைத்தான் தூக்குவார். ஃபிலிமே உள்ளங்கையைவிடப் பெரிது. எத்தனை பேர் நின்றாலும் முகம் முகமாகப் பார்க்கலாம்.

தொல்லை அதன் பித்தளை லென்ஸ்தான். வெளியூர் வேலைக்குப் போகையில் நான் அதை மடியில் வைத்திருந்தால், கண்டக்டர், “தாயி, சொம்புல என்ன, மோரா?” என்பார். மாட்டினால் கனம் தாங்காமல் கேமராவின் முன்பலகை தலைகுனியும்.

அந்த நேரத்தில் சிவகாசியில் ஓர் அச்சகம், அச்சுக்குப் படங்களை நெகட்டிவ் எடுக்கும் பழைய பிராசஸ் கேமராவைப் பிரித்து விற்றது. அதன் லென்ஸை பாய் வாங்கி வந்தார். எலுமிச்சம்பழம் அளவுதான் இருந்தது.

“பாரும்மா வசந்தா. கீறல் இல்ல, பூஞ்சை இல்ல. சட்டைப்பையில போட்டுட்டுப் போயிரலாம்.”

டார்ச் அடித்துப் பார்த்தேன். கண்ணாடி அவ்வளவு சுத்தம். ஸ்டூடியோக்காரர்கள் லென்ஸைச் சோதிக்கிற விதம் ஒன்று உண்டு. செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, கேமராவைக் கிட்டத்தில் நிறுத்தி, பின்பக்கத்தில் பிம்பம் விழும் மங்கல் கண்ணாடியான கிரவுண்ட் கிளாஸில் பொடி எழுத்து தெரிகிறதா என்று பார்ப்பார்கள். மூலையிலிருந்த ஜவுளிக்கடை விளம்பரம் வரை எழுத்தெல்லாம் ஊசியாக நின்றது. நான் கை தட்டினேன். அடுத்த வாரமே நூல் மில்லில் குரூப் போட்டோ.

மில் குரூப்புக்கு ஒரு வரிசை முறை உண்டு. நாற்காலியில் ஆபீசர்கள், அவர்களுக்குப் பின்னால் பழைய ஆட்கள், புதிதாகச் சேர்ந்தவர்கள் மேல்படியின் இரு கோடியில். உச்சி வெயிலில் கிரவுண்ட் கிளாஸின் ஓரங்கள் எப்போதுமே மங்கல்தான் என்பதால் பாய் சந்தேகப்படவில்லை. லென்ஸ் மூடியைத் திறந்து, “ஒண்ணு” என்று சொல்லி மூடினார்.

3. அரக்குச் சேலை

கறுத்த பிரிண்டை பாய் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

“ஓவல் மாஸ்க் போட்டு மூலைய மறைச்சிருவோம். கல்யாணப் படத்துக்கு ஆசையாக் கேக்காகல்ல.”

“ஓரத்துல நின்னவுக?”

“அவிய புதுப் புள்ளைகம்மா. யாரு தேடப் போறா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதைவிடப் பெரிய அதிர்ச்சி, மில் ஆபீசர் ஓவல் படத்தைப் பார்த்து, “பிரமாதம் பாய்!” என்றதுதான். படம் நோட்டீஸ் போர்டில் ஏறியது.

மறுநாளே தேடி வந்தாள் ஒருத்தி. தலைமுடியெல்லாம் மில் பஞ்சு. தளவாய்புரத்துப் பொன்னுத்தாய்.

“அக்கா, படத்துல என்னையக் காணோமே?”

“எங்க நின்ன?”

“மேப்படியில, ஓரத்துல. அரக்குச் சேலை. எங்க சித்திகிட்ட எரவல் வாங்கிக் கட்டினது.”

தலையில்லாத அந்தச் சேலை!

“எங்கய்யா மலைமேல எஸ்டேட்ல கெடக்காரு. நான் எவன்கூடவோ ஓடிட்டேன்னு ஊர்க்காரன் ஒருத்தன் அவருகிட்ட சொல்லிட்டான். மில்லுல வேல பாக்கேன்னா நம்ப மாட்டேங்காரு. ஞாயித்துக்கெழம சித்தப்பா மலைக்குப் போறாரு. மில்லுல நிக்கிற படத்த அவருகிட்ட குடுத்து விடணும்க்கா.”

பாய் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. “சனிக்கெழம சாயங்காலம் வாம்மா” என்றார். ஓவல் பேச்சு அதோடு போயிற்று.

4. தெருவுக்கு வந்த கேமரா

செய்தித்தாளில் சரியாக இருந்த லென்ஸ் மில்லில் எப்படிக் கெட்டது? கேமராவைத் தெருவுக்கு இழுத்துவந்து, ஊரையொட்டிய சஞ்சீவி மலையைப் பார்க்க நிறுத்தினேன். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, மலைக்கு ஃபோகஸ் செய்ய கேமராவின் மடிப்புத் துருத்தியான பெல்லோஸைச் சுருக்கினேன். சுருக்கச் சுருக்க, லென்ஸ் கிரவுண்ட் கிளாஸை நெருங்கி, அதில் விழுந்த வெளிச்ச வட்டமும் கூடவே சுருங்கியது. மலை தெளிந்தபோது நான்கு மூலையும் இருட்டு. படித்த படிப்பில் இருந்த கணக்குத்தான். கண்ணால் பார்த்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது.

“ஏமாத்திப்புட்டானே அச்சகத்துக்காரன்” என்றார் பாய்.

“அவர் என்ன செய்வாரு பாய்? கிட்டத்துல வச்ச படத்த எடுக்கவே செஞ்ச லென்ஸ் இது. நாமளும் கிட்டத்துல வச்சே சோதிச்சோம்.”

மறுபடி எடுக்க அனுமதி கேட்டு மில்லில் போய் நின்றோம். “மறுபடி மெஷின நிப்பாட்ட முடியாது. சனிக்கெழம மத்தியான ஷிப்டு விட்டதும் எடுத்துக்கோங்க” என்றார் ஆபீசர்.

பழைய பித்தளைக்கே திரும்பினோம். முன்பலகை குனியாமலிருக்க அடியில் மூங்கில் துண்டை முட்டுக்கொடுத்தோம். சனிக்கிழமை ஷிப்டு முடிந்து மில் சங்கு ஊதியதும் வரிசையாவது ஒன்றாவது! “ஏட்டி, பஸ்ஸு போயிரும்!” என்று கத்திக்கொண்டே வந்து, வந்த இடத்தில் நின்றார்கள். புதிதாகச் சேர்ந்த இளம்பெண்கள் ஓடிவந்து நடுவைப் பிடித்துக்கொண்டார்கள்.

“ஏ தாயிகளா, ஒரே மூச்சு! பொறவு பறந்துருங்க!” என்று பாய் கெஞ்சினார். “ஒண்ணு.”

இப்போதும் யாராவது என்னிடம் பழைய லென்ஸைக் காட்டிக் கேட்டால், கீறலும் பூஞ்சையும் பிறகு பார்க்கலாம், முதலில் தெருவுக்குக் கொண்டுவாருங்கள் என்பேன். எதை எடுக்கப் போகிறீர்களோ அவ்வளவு தூரத்தில் வைத்து, நான்கு மூலையையும் பாருங்கள். கைக்கு அடக்கமாக இருப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். அந்தச் சின்ன லென்ஸையும் நாங்கள் வீசவில்லை. பழைய படங்களைக் காப்பி எடுக்க அதற்கு நிகரில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ஈரம் காயாத பிரிண்டைப் பொன்னுத்தாய் முன்னால் வைத்தேன். படத்தின் நடுவில் அவளே நெஞ்சை நிமிர்த்தி நின்றாள். ஆனால் அவள் விரல் நடுவுக்குப் போகவில்லை. நேரே மேல்மூலைக்குப் போயிற்று.

“அக்கா, இது எங்க சூப்பர்வைசரம்மா! மூக்குத்தி வரைக்கும் தெரியுது” என்றாள். அடுத்த மூலையையும் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் தன்னைத் தேடினாள்.