தீவனம் எடுக்காத நாட்கள்

எருமப்பட்டிப் பக்கம் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் நான் மேற்பார்வையாளன். எச்சத்தின் நிறத்தைப் பார்த்தே கோழிக்குக் குடலில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். மகள் பிறந்த மூன்றாவது வாரம் அந்தத் தலைக்கனம் இறங்கியது.

சாயங்காலம் ஐந்து மணி ஆனால் அழத் தொடங்குவாள். கால்களை வயிற்றோடு மடக்கி, முகம் சிவந்து, எட்டு மணிவரை ஓயமாட்டாள். பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எல்லாமே கடைசியில் என் மனைவியின் பாலில் போய் முடிந்தன. பருப்பு வாயு, கத்திரிக்காய் கரப்பான், தயிர் சளி. நான் யாரையும் மறுக்கவில்லை. பண்ணையில் எது வந்தாலும் முதலில் தீவனத்தைத்தானே சந்தேகப்படுவோம்.

மகளுக்கு ஒன்றரை மாதம் ஆனபோது நாமக்கல்லில் குழந்தை டாக்டரம்மாவிடம் போனோம். அவர் வயிற்றை அழுத்திப் பார்க்கும்போதே கேட்டேன்.

"தீவனத்த மாத்திப் பாக்கலாமுங்களா?"

புட்டிப்பாலைத்தான் சொல்ல வந்தேன். பழக்கதோஷம். மனைவி என்னைப் பார்க்காமல் குழந்தையின் சட்டையைச் சரிசெய்தாள். அந்தச் சொல் எங்கே தைத்தது என்று எனக்கு அப்போதே தெரிந்தது, திருப்பி வாங்கத்தான் தெரியவில்லை.

டாக்டரம்மா குழந்தையை எடை போட்டார். "நல்லா ஏறியிருக்குதுங்க. பால்ல ஒரு குத்தமும் இல்ல. குடல் இப்பத்தான் பழகுது, மூணு நாலு மாசத்துல தானா அடங்கிரும். அழுகை தாங்க முடியலைன்னா தொட்டில்ல போட்டுட்டுப் பத்து நிமிசம் வெளிய நில்லுங்க, தப்பில்ல."

பிறகு என் மனைவியை எடைமேடையில் ஏறச் சொன்னார். பிரசவம் முடிந்து வீடு திரும்பியபோது எழுதித் தந்த சீட்டை எடுத்து, அதிலிருந்த எடையோடு ஒத்துப் பார்த்தார். "என்ன சாப்பிடறீங்க?"

"ரசஞ்சோறுங்க. மத்ததெல்லாம் நிறுத்திட்டனுங்க, பாப்பாவுக்கு ஆகாதுன்னு."

"எத்தன நாளா?"

"இருவது நாளிருக்குமுங்க."

ஷெட்டில் ஒரு கூண்டில் காலைத் தீவனம் மிச்சமிருந்தால் மத்தியானத்துக்குள் எனக்குத் தெரிந்துவிடும். தினமும் எனக்குப் பரிமாறியவள் தன் தட்டில் என்ன போட்டுக்கொள்கிறாள் என்று இருபது நாளாக நான் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது.

அன்றைக்கும் ஐந்து மணிக்கு மகள் மறக்காமல் ஆரம்பித்தாள். நான் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். மனைவி வெளியே போய் முருங்கை மரத்தடியில் பத்து நிமிடம் நின்றாள். திரும்பி வந்தவள் குழந்தையை வாங்கிக்கொள்ளவில்லை. தட்டில் சோறு போட்டு, நான் வைத்திருந்த கத்திரிக்காய்க் குழம்பை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"உப்பு சரியா இருக்குதா?" என்றேன்.

"தீவனம் நல்லாத்தானுங்க இருக்குது," என்றாள், தட்டிலிருந்து நிமிராமல்.