பாதி டாக்டர்

கவுன்சிலிங்கில் எனக்குச் சென்னையில் ஒரு கல்லூரியில் ஃபிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்புக்கு இடம் கிடைத்தது. நான் முதலில் கேட்டிருந்தது நர்சிங். என் மார்க்குக்கு அது எட்டவில்லை, இது எட்டியது. செய்தி போனில் வந்தபோது அம்மாவும் நானும் ஆடுகளுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தோம்.

"அது டாக்டரா, நர்சா?" என்றாள் அம்மா.

"ரெண்டுக்கும் நடுவுலம்மா."

"நடுவுல இன்னா கீது?"

எனக்கும் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் நாலு வருஷம் படிக்கப் போகிறேன் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அப்பாவுக்கு இந்தக் குழப்பமெல்லாம் இல்லை. டீக்கடைக்குப் போய், "எம் பொண்ணு பாதி டாக்டருக்குப் படிக்கப் போவுது" என்று சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் காலையில் நான் பல் துலக்குவதற்குள் பெரியப்பா வாசலில் வந்து உட்கார்ந்திருந்தார். வேட்டி தொடைவரை ஏறியிருந்தது.

"பாதின்னா மேல் பாதியா, கீழ் பாதியா?" என்று கேட்டார். அவருக்கு வலி முட்டியில்.

"நான் இன்னும் சேரவே இல்ல பெரிப்பா."

"சேந்துட்டா நீ மெட்ராஸுக்குப் போய்டுவ. அப்புறம் உன்ன எங்க போய்த் தேடறது?"

அதில் ஒரு நியாயம் இருந்தது. முட்டியை அமுக்கி, வலிக்கிறதா என்று கேட்டேன். வலிக்கிறது என்றார். அதற்கு மேல் என்ன கேட்பதென்று தெரியாததால் இன்னொரு தடவை அமுக்கினேன். சாயங்காலம், இப்போது பரவாயில்லை என்று சொல்லி அனுப்பினார். அதன் பிறகு கூட்டம் வரத் தொடங்கியது. காது வலி, புளித்த ஏப்பம், தூக்கமின்மை எல்லாம் வந்தன. சரியாகத் தின்னாத எருமை ஒன்றும் வந்தது. எருமையை மட்டும் முடியாது என்று சொல்லிவிட்டேன். மற்ற எல்லோரையும் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். யாரும் போகவில்லை.

சித்தி கடைசியாக வந்தாள். வலது கால் சுண்டுவிரலில் முள் குத்திய புண், மஞ்சள் அப்பியிருந்தாள். ஆறாமல் வெகு நாளாக இருக்கிறதாம். மஞ்சளைக் கழுவிப் பார்த்தேன். விரல் கறுத்திருந்தது. வாடை அடித்தது. வலிக்கிறதா என்றால் இல்லை என்றாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. அவ்வளவு பெரிய புண் வலிக்காமல் இருக்கக்கூடாது என்று எந்தப் படிப்பும் இல்லாமலே தோன்றியது.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம் சித்தி."

"அங்க போறதுன்னா உன்ன எதுக்குப் படிக்க வெக்கறாங்க?"

பெட்டியும் வெள்ளைக் கோட்டும் வாங்க வேலூருக்குப் போக வேண்டியிருந்தது. துணைக்கு வா என்று பொய் சொல்லிக் கூட்டிப்போனேன். பஸ் கண்ணமங்கலம் தாண்டி வேலூர் சேரும்வரை அவள் சந்தேகப்படவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ நின்றதும் என்னைப் பார்த்தாள். "பெட்டி இங்கயா விக்கறாங்க?" என்று கேட்டுவிட்டு இறங்கி வந்தாள்.

உள்ளே வெள்ளைக் கோட் போட்ட ஒரு பெண் சித்தியை உட்கார வைத்துக் கேள்வி கேட்டார். சித்தி முள்ளில் ஆரம்பித்து, அந்த முள்வேலியைப் போட்ட பக்கத்துக் கொல்லைக்காரன், அவனுடைய மாமியார் என்று போய்க்கொண்டே இருந்தாள். அந்தப் பெண் குறுக்கே பேசவில்லை. நடு நடுவே, தண்ணி நிறையக் குடிக்கிறீங்களா, ராத்திரியில எழுந்து போறீங்களா என்று மட்டும் கேட்டார். பெரிய டாக்டர் வந்ததும் சித்தி சொன்னது முழுவதையும் நாலைந்து வரியில் சொல்லி முடித்தார். கொல்லைக்காரன் அதில் இல்லை. புண் இருந்தது, சர்க்கரை இருந்தது, வலி தெரியாதது இருந்தது. டாக்டர் தலையாட்டிவிட்டு அட்மிஷன் என்றார்.

அப்போதுதான் அந்தப் பெண்ணின் கோட்டிலிருந்த அட்டையைப் படித்தேன். என் படிப்பு அதில் எழுதியிருந்தது. சித்தியிடம் சொன்னேன்.

"இவளும் இதுக்குத்தாங்க போறா. பாதி டாக்டர்" என்றாள் சித்தி.

அவர் சிரிக்கவில்லை. "எங்க மாமியாருக்கு நான் இன்னும் சொல்லிப் புரிய வெச்சிக்கிட்டுதான் இருக்கேன்" என்றார். பிறகு என்னிடம், "கோட் ரெண்டா வாங்கிக்கோ. ஒண்ணு காயறதுக்குள்ள இன்னொண்ணு அழுக்காயிடும்" என்றார்.

சுண்டுவிரலை எடுக்க வேண்டியிருந்தது. மற்ற விரல்கள் தப்பித்தன. சித்தப்பா ஆடு மாடுகளோடு ஊரிலேயே இருந்துவிட்டதால் நான்தான் கூட இருந்தேன். முதல் தடவை கட்டுப் பிரித்தபோது, பார்த்துப் பழகிக்கொள்ளலாம் என்று பக்கத்தில் போய் நின்றேன். துணி விலகியது. உள்ளே சிவப்பாக ஏதோ தெரிந்தது. அடுத்து எனக்குத் தெரிந்தது மின்விசிறி. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தேன். சித்தி கட்டுப்போட்ட காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, தன் கேஸ் அட்டையால் எனக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

"எழுந்துட்டியா டாக்டரம்மா? தண்ணி குடி."

அன்றைக்கு முழுவதும் இந்த வேலைக்கு நான் ஆகமாட்டேனோ என்று நினைத்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஊரிலேயே ஏதாவது செய்யலாமா என்றும் யோசித்தேன். வீட்டில் சொல்ல வேண்டாம் என்று சித்தியிடம் கேட்டுக்கொண்டேன். சொல்லமாட்டேன் என்றாள். அடுத்த தடவை கட்டுப் பிரிக்கும்போது சுவரில் சாய்ந்துகொண்டு பார்த்தேன். அதற்கடுத்த தடவை சுவர் தேவைப்படவில்லை. அந்த வெள்ளைக் கோட் பெண் பஞ்சு எடுத்துத் தரச் சொன்னார், தந்தேன்.

ஊருக்குத் திரும்பி பஸ்ஸை விட்டு இறங்கியதும் சித்தி எல்லோரிடமும் சொன்னாள். இரண்டு நாளைக்கு என் காதில் வேறு பேச்சே விழவில்லை. பெரியப்பாதான் எனக்காகப் பேசினார். "எம் முட்டியப் பாத்து அது மயங்கலயே" என்றார். ஆனால் கூட்டம் குறைந்துவிட்டது. வந்தவர்களும் என்னிடம் எதையும் காட்டவில்லை. வேலூர் பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை.

அம்மா பெட்டி கட்டினாள். துணிக்கு ஒதுக்கிய இடத்தில் சாமையரிசியும் சீத்தாப்பழமும் ஏறின. சீத்தாப்பழங்கள் சென்னைக்குள் பஸ் நுழையும்போது பழுத்துக் கோட்டின் மேல் இறங்கின. இரண்டு கோட்டிலும்.

விடுதியில் என்னோடு இன்னும் மூன்று பெண்கள். கொண்டுவிட வந்த அப்பா அறையைப் பார்த்தார், ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்தார், தண்ணீர்க் குழாயைத் திருகிப் பார்த்தார். பிறகு வாசலில் வந்து வெகு நேரம் நின்றார். நானும் நின்றேன்.

"மழ வரும்போலக் கீது" என்றார். "சாமைய அறுத்துப் போட்டுட்டு வந்துட்டேன். கெளம்பறேன்."

அண்ணாந்து பார்த்தேன். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. வெயிலில் கண் கூசியது.

"ஆமாம்ப்பா" என்றேன். "நனையறதுக்குள்ள போய்ச் சேரு."